முள் ஏறுது மாமா!

காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை சிசி, எத்தனை குதிரைச் சக்தி, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி... யாராவது, 'என் கார் ரேடியேட்டர் என்ன அழகு தெரியுமா!' என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? கேட்டிருக்க மாட்டீர்கள். ஒழுக ஆரம்பிக்கிறவரை அப்படி ஒரு சாமான் இருப்பதே நமக்குத் தெரியாது. கிட்னி மாதிரி.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டால், ஏறக்குறைய முப்பது ரூபாய்தான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு முப்பது சொச்சம் சைலன்ஸர் வழியாகச் சூடாக வெளியே போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி எஞ்சினின் உடம்பிலேயே சூடாகத் தங்குகிறது. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் ஓடும்போது அதைக் காற்றிடம் கொடுத்துவிட்டு, திரும்பவும் எஞ்சினுக்குள் போகிறது. இந்தப் போக்குவரத்து பத்து நிமிஷம் நின்றால் போதும். சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், பர்ஸில் இருப்பது அத்தனையும் மெக்கானிக்குக்குப் போய்விடும்.

உலகத்தின் முதல் நீண்ட தூர கார் பயணம் 1888-ல் நடந்தது. கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து தன் அம்மா ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தக் காரில் இன்றைய மாதிரி ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக, வழியில் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி ஊற்ற வேண்டும்.

அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து வில்ஹெல்ம் மேபாக் என்ற எஞ்சினீயர், தேன்கூடு மாதிரி 8,070 குட்டிக் குழாய்களை அடுக்கி ஒரு ரேடியேட்டர் செய்தார். அதைப் பொருத்திய 35 குதிரைச் சக்தி கார், 1901-ல் பிரான்ஸின் நீஸ் நகரத்துப் பந்தயங்களில் எல்லோரையும் தோற்கடித்தது. காரை ஆர்டர் கொடுத்தவர் யெல்லினெக் என்ற வியாபாரி. அவர் மகளின் பெயர் மெர்சிடிஸ். மற்றது உங்களுக்கே தெரியும். ஆக, வேகமான கார் என்ற இனம் பிறந்ததில் எஞ்சினுக்குப் பாதிப் பங்கு என்றால், ரேடியேட்டருக்கு மீதிப் பங்கு.

இவ்வளவு பீடிகை எதற்கென்றால், 2024 மே மாதம், கத்திரி வெயிலில், என் அக்கா மகனுக்கு ஒரு ரேடியேட்டர் தேவைப்பட்டது. அதற்காக நாங்கள் அலைந்த அலைச்சலில் கார்களைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் நிறையத் தெரிந்துகொண்டேன்.

பையனுக்கு காட்டுப்பள்ளியில் வேலை. காட்டுப்பள்ளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் கழிமுகமும். நடுவே நாடா மாதிரி ஓர் ஊர். அதில் ஒரு துறைமுகம், ஒரு கப்பல் கட்டும் தளம், 2010-ல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. கொஞ்சம் தெற்கே போனால் எண்ணூர் காமராஜர் துறைமுகம். புத்தம் புது கார்கள் வரிசையாகக் கப்பலில் ஏறி வெளிநாடு போகிற இடம்.

கார்கள் கப்பலில் போகின்றன. ஆனால் மீஞ்சூரிலிருந்து அங்கே போகிற ரோட்டில் உங்கள் கார் போகாது. நிற்கும். முன்னே கன்டெய்னர் லாரி, பின்னே கன்டெய்னர் லாரி. சைக்கிளில் வருகிறவர் பெல் அடித்துவிட்டு நம்மை ஓவர்டேக் செய்வார்.

ரேடியேட்டருக்கு இதைவிடக் கொடுமையான பரீட்சை கிடையாது. எண்பதில் ஓடும் காருக்குக் காற்று தானாக வந்து மோதும். நிற்கிற காருக்கு மின்விசிறிதான் கதி. போதாக்குறைக்கு ஏ.சி. வேறு அதே காற்றில் பங்கு கேட்கும். கடற்கரை உப்புக் காற்று மெல்லிய அலுமினியத் தகடுகளை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு போன்.

"மாமா, முள் ஏறுது!"

டெம்பரேச்சர் முள்ளைச் சொல்கிறான். ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். அதுவரைக்கும் புத்திசாலி.

கார் எதுவென்று சொல்லவில்லையே. மிட்சுபிஷி லான்சர் செடியா. 2 லிட்டர் எஞ்சின், 115 குதிரைச் சக்தி, 2007 மாடல். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு கதவும் துணிக் கூரையும் இருக்க வேண்டும் என்கிற ஆசாரக்காரர்கள் இதைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 2000-களில் கார் பைத்தியம் பிடித்து அலைந்த பையன்களைக் கேட்டுப் பாருங்கள். நம் ஊர் ராலிகளில் மண்ணைக் கிளப்பிக்கொண்டு போன கார் அது. குடும்பக் கார் வேஷத்தில் வந்த பந்தயக் கார்.

அதன் பிறந்த ஊர் ஜப்பான் என்று நினைக்காதீர்கள். திருவள்ளூர்! ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கேதான் 1998-ல் லான்சரைத் தயாரிக்க ஆரம்பித்தது. 2006-ல் செடியா வந்தது. காட்டுப்பள்ளியும் திருவள்ளூர் மாவட்டம்தான். சொந்த மாவட்டத்திலேயே ஒழுகி நின்றிருக்கிறது.

இன்னொரு விஷயம். பையனின் அப்பா, அதாவது என் அத்தான், அந்தத் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவர். 'நாம போடுற வண்டியில நாம ஒரு நாள் போகணும்' என்று லோன் போட்டு வாங்கினார். ஏழு வருடம் தவணை கட்டினார். லான்சரும் நின்றது, செடியாவும் நின்றது, அத்தானும் ரிட்டயரானார். அந்த இடம் 2017-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், இப்போது அங்கே சித்ரோயன் கார்கள் தயாராகின்றன. இவர் வீட்டு வாசலில் மட்டும் செடியா நின்றது. 2022-ல் பதினைந்து வருடம் முடிந்தபோது, பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆகியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். சட்டப்படி 2027 வரை ஆயுசு இருக்கிற வண்டி.

காயலான் கடைக்காரர் 45,000 ரூபாய்க்குக் கேட்டார். பையனுக்கு ஊசலாட்டம். கல்யாணச் செலவு முன்னால் நிற்கிறது. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், மோர் ஊற்றும்போது மட்டும் சொன்னார்: "எஞ்சின் நல்லா இருக்கு. தண்ணி நிக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். அதுக்காக ஒரு வண்டியைக் கொல்லுவாங்களா?"

அப்படித்தான் நான் உள்ளே இழுக்கப்பட்டேன்.

முதலில் வியாதி என்ன என்று தெரிய வேண்டும் இல்லையா? இந்தக் காலத்து ரேடியேட்டரில் நடுப்பகுதி, அதாவது கோர், அலுமினியம். இரண்டு ஓரத்திலும் தண்ணீர் தேங்கும் டேங்க், பிளாஸ்டிக். இரண்டுக்கும் நடுவில் ரப்பர் வைத்து, அலுமினியப் பற்களை மடக்கிக் கவ்வ வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் பதினைந்து வருடம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அப்பளம் மாதிரி ஆகிவிடும். இந்தக் காரில் மேல் டேங்க்கில் ஒரு மயிரிழை விரிசல். அதன் வழியே ஆவி.

வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? தெருமுனையில் ஒருவர் எம்-சீல் வைக்கச் சொன்னார். ஒரு லாரி டிரைவர் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றச் சொன்னார். சிரிக்காதீர்கள், நெடுஞ்சாலையில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வைத்தியம். ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டு, வீடு போய்ச் சேரும்வரை தாங்கும். ஆனால் தூளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. நல்ல குழாய்களையும் அடைத்துவிடும். பிழைத்தது இன்றைக்கு, செத்தது நாளைக்கு.

சரி, புதுசு வாங்கலாம் என்று ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏ.சி. ஹால், காபி மெஷின். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்த பெண் மரியாதையாகச் சொன்னார்: "ஸ்டாக் இல்லை சார். ஆர்டர் போட்டா 22,000 வரும். எப்ப வரும்னு சொல்ல முடியாது." விலையைவிட அந்த இரண்டாவது வாக்கியம்தான் இடித்தது.

அடுத்தது புதுப்பேட்டை. எழும்பூர் பக்கம், கூவம் ஓரத்தில், கார்கள் கூறு கூறாகப் பிரிந்து கிடக்கும் சாம்ராஜ்யம். போகாதவர்கள் ஒரு தடவை போக வேண்டும். ஒரு சந்தில் முழுக்கக் கதவுகள், இன்னொரு சந்தில் முழுக்க முகப்பு விளக்குகள். 'செடியா ரேடியேட்டர்' என்று சொன்ன பத்தாவது நிமிஷத்தில் ஒரு பையன் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். 4,500 ரூபாய். கை நீட்டப் போன என் அக்கா மகனைத் தடுத்தது அந்த டேங்க்கின் நிறம்தான். கறுப்பாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. இதுவும் அதே வயசு, அதே வெயில் குடித்தது. நம் ரேடியேட்டரின் இரட்டைப் பிறவி. எத்தனை மாதம் தாங்கும்?

மூன்றாவது வழி, வெளிநாடு. இதே தலைமுறை லான்சர் 2002-லிருந்து 2007 வரை அமெரிக்காவில் இதே குடும்பத்து 2 லிட்டர் எஞ்சினோடு விற்றது. அதனால் அதற்கு ரேடியேட்டர் செய்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விலைகூடப் பரவாயில்லை. ஆனால் அட்டைப்பெட்டி பெரிசு. கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்த்தால் சர்வீஸ் சென்டர் பெண்மணியே தேவலை. நினைத்துப் பாருங்கள், ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிகிற ஆபீஸில் உட்கார்ந்து கொண்டு, ஒரு பெட்டியை வரவழைக்க முடியவில்லை பையனால்!

கடைசியில் வழி சொன்னது ஒரு கன்டெய்னர் லாரி கிளீனர். "செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. ரோட்டுல போங்க. சோழவரம் பக்கம் ரேடியேட்டர் பத்தவைக்கிற பாய் ஒருத்தர் இருக்காரு."

சோழவரம் என்றதும் எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. 1950-களிலிருந்து 1980-களின் கடைசிவரை, தென்னிந்தியாவின் கார் பந்தயத் தலைநகரம் அதுதான். மகாராஜாக்களும் தொழிலதிபர்களும் வெளிநாட்டுக் கார்களோடு வருவார்கள். மற்றவர்கள் ஃபியட்டையும் ஹெரால்டையும் குடைந்து, இழைத்து, பந்தயக் காராக்கிக் கொண்டு வருவார்கள். இறக்குமதிக்கு ஆயிரம் தடை இருந்த காலம். பாகம் உடைந்தால் கடையில் கிடைக்காது. ஒர்க்‌ஷாப்பில் அடித்துத்தான் செய்ய வேண்டும். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒரு மலிவான பந்தயக் காரையே உருவாக்கினார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன், ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்ததும் சோழவரம் அடங்கிவிட்டது.

பாயின் கடை ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ஆள் உயர லாரி ரேடியேட்டர்கள் சாய்ந்து நிற்கின்றன. உள்ளே ஒரு சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர், ஒரு கம்ப்ரெஸர், கேஸ் விளக்கு, ஈயக் கட்டிகள். பாய்க்கு அறுபதைத் தாண்டியிருக்கும். எங்கள் ரேடியேட்டரை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"போர் தண்ணி ஊத்தியிருக்கீங்க தம்பி."

பையன் தலையைச் சொறிந்தான். உள்ளே குழாய்களில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. கடலையே வடிகட்டி ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்கத் திட்டமிட்டுக் கட்டிய ஆலை இருக்கிற ஊரில், காருக்கு மட்டும் உப்புத் தண்ணீர்!

"இதை ஒட்ட முடியாதா பாய்?" என்றேன்.

"பிளாஸ்டிக்கை எங்க சார் ஒட்டறது? டேங்க் மட்டும் மாத்தலாம். ஆனா கோரும் பாதி அடைச்சுக் கிடக்கு." கொஞ்சம் யோசித்தார். "செம்புல போட்டுத் தரட்டுமா?"

பழைய காலத்து ரேடியேட்டர்கள் எல்லாம் செம்பும் பித்தளையும்தான். செம்புத் தகடு, பித்தளைக் குழாய், பித்தளை டேங்க், ஈயப் பற்று. செம்பு, அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். பிறகு ஏன் கம்பெனிகள் அதை விட்டன? கனம், விலை. அலுமினியம் லேசு, மலிவு, மிஷினில் சரசரவென்று செய்யலாம். நான் ஏதோ செம்பு உசத்தி, அலுமினியம் மட்டம் என்று பேச ஆரம்பித்தேன். பாய் கையமர்த்தினார்.

"அலுமினியம் மோசம் இல்ல சார். நல்ல சாமான். புது வண்டிக்கு அதுதான் சரி. ஆனா ஒடைஞ்சா தூக்கித்தான் போடணும். செம்புன்னா, ஒடைஞ்சாலும் நான் இருக்கேன்."

நான் பல பொருளாதாரப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். ஒரு சாமானின் விலைக்கும் அதன் ஆயுசுக்கும் உள்ள உறவை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அளவெடுத்தார். கோரின் உயரம், அகலம், கனம். மேல் ஹோஸ் எந்தப் பக்கம், கீழ் ஹோஸ் எந்தப் பக்கம், வாய் எத்தனை மில்லி. மின்விசிறி மாட்டும் நான்கு துளை. அடியில் ரப்பர் புஷ் உட்காரும் இரண்டு குமிழ். ரெடிமேடாகக் கிடைக்கும் செம்பு கோரை அளவுக்கு வாங்கி, பித்தளைத் தகட்டை மடக்கி டேங்க் அடித்து, பற்றவைத்தார். நான்காம் நாள் போனோம். வாய்களை அடைத்து, ஒன்றில் காற்றுக் குழாயைச் செருகி, தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஓர் ஓரத்தில் ஒரே ஒரு குமிழி வந்தது. பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. தன்மேல்தான். துடைத்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி அமுக்கினார். ஐந்து நிமிஷம். தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

மொத்தம் 11,500 ரூபாய். புது மூடி, புது தெர்மோஸ்டாட், கூலன்ட் எல்லாம் சேர்த்து 14,000-க்குள் முடிந்தது. பழையதைவிடக் கனம் அதிகம்தான். போன வேகத்துக்கு அந்த மூன்று நான்கு கிலோவை யார் கண்டது? மறுநாள் காலை மீஞ்சூர் ரோட்டில் முக்கால் மணி நேரம் நின்றதாம் கார். முள் பாதியிலேயே நின்றதாம். 'மாமா, ஜாம்ல நிக்கிறது இவ்வளவு சந்தோஷமா இருக்கும்னு தெரியாது' என்றான்.

இங்கே ஒரு ஒப்பீடு சொல்லத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. 1962-ல் வந்து 1980-ல் நின்றுபோனது. அதன் எலும்புக்கூடு எதிலிருந்து வந்தது தெரியுமா? ஹெரால்டிலிருந்து! அதே ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961-லிருந்து தயாரித்தது. ஸ்பிட்ஃபயர் நின்று நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அதற்குப் புது ரேடியேட்டர் அங்கே கடையில் வாங்கலாம். காரணம், பழைய காரை வைத்திருப்பவர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு ஒரே பாகம் வேண்டுமென்றால் அதைச் செய்து தர ஒருவன் வருவான். நம் ஊரில் பழைய கார் வைத்திருப்பவன் தனி மனிதன். அவனுக்குத் துணை இன்னொரு தனி மனிதன், ஜி.என்.டி. ரோட்டுப் பாய்.

2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளம் ஆரம்பித்தது. கம்பெனிகள் உதிரி பாகம், பழுது நீக்கும் விவரம் எல்லாவற்றையும் வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது நோக்கம். கார்களும் அதில் உண்டு. நல்ல காரியம். ஆனால் உரிமை மட்டும் போதுமா? பழுதுபார்க்க ஆள் வேண்டாமா?

காசு கொடுக்கும்போது பாயிடம் கேட்டேன், தொழில் கற்றுக்கொள்ள யாராவது வருகிறார்களா என்று.

"எவன் சார் வருவான்? ஈயப் புகை, கை வேற வேகுது. என் பையனே வரலை."

"என்ன பண்றார்?"

"காட்டுப்பள்ளியிலதான். ஹார்பர்ல கிரேன் ஓட்டறான். நல்ல சம்பளம்." சொல்லும்போது முகத்தில் பெருமைதான் இருந்தது. எனக்குத்தான் கொஞ்சம் கவலையாகிவிட்டது. பையன் போனது சரி. யாரும் தன் பிள்ளை ஈயப் புகையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் பாய் கொட்டகையைப் பூட்டுகிற அன்றைக்கு, அந்த வட்டாரத்தில் எத்தனை நல்ல எஞ்சின்கள் ஒரு மயிரிழை விரிசலுக்காகக் காயலான் கடைக்குப் போகும்? ஒரு சாமான் மலிவா இல்லையா என்று நாம் விலைச்சீட்டைப் பார்த்து முடிவு செய்கிறோம். அதைத் திறந்து, சரி செய்து, மூடித் தர பத்து கிலோமீட்டருக்குள் ஒருவர் இருக்கிறாரா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கார் நின்றால், சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் தேடும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், அளவுகளைச் சொல்லுங்கள். வேறு காருடையது அப்படியே பொருந்தும் அதிர்ஷ்டமும் உண்டு. ஆட்டோமேட்டிக் காருடைய ரேடியேட்டரில் கியர் ஆயிலைக் குளிர வைக்கத் தனியாக இரண்டு வாய் இருக்கும். மற்ற அளவுகள் ஒத்துப்போனால் அவற்றை அடைத்துவிட்டு கியர் வண்டிக்கும் போடலாம். மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். உள்ளே அழுத்தத்தை ஏற்றி, தண்ணீர் 120 டிகிரி பக்கம் போகும்வரை கொதிக்காமல் பார்த்துக்கொள்வது அதுதான். அதனாலேயே, சூடான எஞ்சினில் அதைத் திறக்கவே திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். கூலன்ட் பனி பெய்கிற ஊருக்குத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துருவும் உப்பும் நம் ஊரில்தான் அதிகம்.

முக்கியமாக, உங்கள் ஊரில் ரேடியேட்டர் பற்றவைக்கிறவர் ஒருவர் இருந்தால் அவர் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முள் ஏறுவதற்கு முன்னால்.